கமேலியா இலையில் கரி, உதிரும் மொட்டு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் ஹில்டனில் தொட்டிகளில் நாற்பது கமேலியா வளர்த்து விற்கிறேன். இலைமேல் கரி பூசினாற்போல் கறுப்பு. தாமிர மருந்து இரண்டு தடவை அடித்தும் போகவில்லை. மே மாதத்திலிருந்து மொட்டுகளும் நுனி பழுப்பாகி உதிர்கின்றன. சாம்பல் போட்டுப் பார்க்கவா?

பதில்: முதலில் சாம்பலை எடுத்து வையுங்கள் அம்மா. கத்தரிக்கும் முருங்கைக்கும் போட்ட கைப்பழக்கம் இங்கே ஆகாது. கமேலியாவும் தேயிலையும் ஒரே குடும்பம். அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சாம்பல் மண்ணின் புளிப்பை முறித்துவிடும், பிறகு இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடிக்கும்.

கறுப்பும் மொட்டுதிர்வும் தனித்தனி விஷயம். கறுப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். கையோடு வந்து, அடியில் இலை பச்சையாக இருந்தால் அது கரும்பூசணம். இலையைத் தின்னாது, மேலிருந்து சொட்டும் இனிப்புக் கழிவில் படரும். அதனால்தான் தாமிரம் வீணாயிற்று. கழிவு விடுகிறவன் யார் என்று மேலே இருக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டி, நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும் தட்டையான பழுப்புச் செதில்பூச்சி இருக்கும். சிலவற்றின் பின்னால் வெள்ளைப் பஞ்சு வால், அதுதான் முட்டைப் பை. எறும்பு சாரைசாரையாக ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

பூச்சி அப்பிய இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். தோட்டத்துக்கான வெள்ளை எண்ணெயை (பூச்சிக்கு அடிக்கும் கனிம எண்ணெய்) டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் பூச்சி சிரிக்கும். செடி வாடியிருந்தாலோ, வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலோ கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிடிக்க இன்னொரு தடவை. விரிந்த பூவில் படாமல் பாருங்கள், கறையாகிவிடும்.

மொட்டு உதிர்வது பூச்சியால் அல்ல, பெரும்பாலும் தண்ணீரால். ஆண்டு தொடக்கத்துக் கோடை மழையில் மொட்டு கட்டியது, ஏப்ரலில் மழை நின்றதும் நீங்களும் தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். மேலே ஈரமாக இருந்தும் லேசாக இருந்தால், வேருருண்டை காய்ந்து, ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடிப்போகிறது. வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி எடுங்கள். ஆனால் வேர் பழுப்பாகக் குழைந்திருந்தால் அது வேரழுகல். அந்தச் செடியை ஒதுக்கிவிடுங்கள், நீர் வேண்டாம். காலைக் கிழக்கு வெயில் உறைபனி படிந்த மொட்டில் நேரே விழும் வரிசையை மட்டும் நிழலுக்கு நகர்த்துங்கள்.

ஏற்கெனவே கரி படிந்த இலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், விற்க ஆகும்.