நடந்தும் ஓடியும் காசு சேர்ப்பது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

திருகோணமலையிலிருந்து மகரகம, கண்டி என்று தூர வைத்தியசாலைகளுக்குப் போய்வரும் நோயாளிகளின் பஸ் செலவுக்காக நாங்கள் சில வருடங்களாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் காசு சேர்க்கிறோம். அதைப் பார்த்துப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி): நாங்கள் ஐந்து பெடியள். பாடசாலை நூலகத்துக்காக மரதன் ஓட ஆசை, ஆனால் ஒருவரும் 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடியதில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, 42 கிலோமீற்றர் ஓடினால்தான் சனம் காசு தரும் என்று யார் சொன்னது? பிரித்தானியாவில் கப்டன் ரொம் மூர் 2020 இல், தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன், நடைவண்டியைப் பிடித்தபடி வீட்டுத் தோட்டத்தில் 100 தடவை நடந்தார். அவர் எதிர்பார்த்தது 1,000 பவுண், சேர்ந்தது 3 கோடி பவுணுக்கும் மேல். அந்த வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்த எல்லோருக்கும் விளங்கியது. உங்களுக்கு எது கஷ்டமோ அதை எடுங்கள், டவுனிலிருந்து நிலாவெளி வரை போதும், மூன்று மாதம் பழகுங்கள்.

ஓட்டத்தை விடப் பெரிய வேலை கேட்பது. ஒரு கொப்பி எடுத்து, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் எல்லோரையும் அதில் எழுதுங்கள், மாமா, ரியூசன் சேர், பேக்கரிக்காரர், பழைய அதிபர் என்று. பிறகு ஒவ்வொருவரிடமும் நேரே போய்க் கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இருந்தால் வாழ்த்துத்தான் வரும், காசு வராது. கேட்கும்போதும் "நூலகத்துக்கு" என்று மொட்டையாகச் சொல்லாமல், "சின்னப் பிள்ளைகளுக்கு 40 கதைப் புத்தகமும் ஒரு அலுமாரியும்" என்று சொல்லிப் பாருங்கள், கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு அக்கா): உடம்பை வருத்தாமல் சும்மா கேட்டால் தரமாட்டார்களா? எங்கள் வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.

பதில்: அக்கா, கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு நம் ஊர் வழியாகத்தானே போகிறார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் சனம் தேடிப்போய்ச் சோறும் மோரும் கொடுக்கிறது. காலால் நடந்து வருகிறவருக்குக் கொடுக்கும்போது தானும் கொஞ்சத் தூரம் நடந்த மாதிரி ஒரு நிறைவு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தார்களே, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக, அதில் வழி நெடுக ஊர்ச்சனம் வந்து சேர்ந்து நடந்தது. 2016 இல் கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காக, அந்த முறை வடக்கிலிருந்து தெற்காக நடந்தார்கள். சும்மா ஒரு உண்டியல் வைத்திருந்தால் இவ்வளவு பேர் கூடியிருப்பார்களா?

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர்): ரீசேட், பதாகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்ந்த காசிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கவேண்டாம். முதல் வருடம் நாங்கள் எடுத்தோம். 60 ரீசேட் அடித்தோம், படங்களில் நன்றாக இருந்தது. அடுத்த கிழமை, இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த 100 ரூபாயைத் தந்தவர், சந்தையில் என்னைக் கண்டு "தம்பி, என்ர காசும் சேட்டுக்கோ போனது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, அறியத்தான் கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்தச் செலவை நாங்களே பங்கு போட்டு அடைத்தோம். அன்றிலிருந்து நடக்கிறவர் தன் செலவைத் தானே பார்க்கிறார், அல்லது ஒரு கடைக்காரரிடம் "இது ரீசேட்டுக்கு" என்று சொல்லியே வாங்குகிறோம். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, 50 ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு, முடிந்து இரண்டு கிழமைக்குள் வரவு செலவை எழுதிக் காசு கேட்ட கடைகளிலேயே ஒட்டிவிடுகிறோம்.

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் குச்சவெளிக்குச் சைக்கிளில் போய் வரலாமா?

பதில்: கச்சான் காற்று அடிக்கிற காலம் அது, போக வர 60 கிலோமீற்றருக்கு மேல். போவதென்றால் விடிய 4.30க்கு வெளிக்கிட்டு, வெயில் ஏற முதல் முடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம், வலிப்புக்கூட வரலாம், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொண்டு போங்கள். ஒருவர் பேச்சுக் குழம்பினால், தள்ளாடினால் அவருடைய பயணம் அங்கேயே முடிந்தது: நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ். பொலிஸுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். என்னைக் கேட்டால் மாரி ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் நல்லது, நோன்பு மாதம் அதற்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டன் மரதனில் என் மச்சானுக்கு ஒரு தொண்டு நிறுவனம் இடம் தருகிறதாம். அந்தக் காசு நம் ஊருக்கு வருமா?

பதில்: அந்த இடத்தை நிறுவனம் காசு கட்டி வாங்குகிறது, ஓடுகிறவர் இவ்வளவு சேர்த்துத் தருவேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே காசு அந்த நிறுவனத்துக்குத்தான். அது இங்கே வேலை செய்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே வரி கட்டுகிறவர் கிப்ட் எயிட் படிவத்தில் ஒப்புதல் கொடுத்தால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து மேலதிகமாகக் கிடைக்கும், அதை விடவேண்டாம்.

கேள்வி: நோயாளிப் பிள்ளையின் படத்தைப் போட்டால் கூடக் கிடைக்குமே?

பதில்: கிடைக்கும். போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு இதே ஊரில் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

கேள்வி (ஒரு தங்கச்சி): பாதியில் கால் இழுத்து நின்றுவிட்டேன். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா?

பதில்: தங்கச்சி, கனடாவில் ரெறி பொக்ஸ், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980 இல் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே கடக்க ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீற்றர். நுரையீரலுக்கும் நோய் பரவியதால் தண்டர் பே என்ற ஊரில் நின்றுவிட்டார். கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலர் என்பது அவருடைய ஆசை, அடுத்த பெப்ரவரிக்குள் 2 கோடி 40 இலட்சம் டொலர் சேர்ந்து அது நிறைவேறியது. ஓடி முடிக்கவில்லை என்று சனம் கொடுப்பதை நிறுத்தவில்லை.

உங்களுக்குக் காசு தந்த ஒவ்வொருவருக்கும் இன்றைக்கே அழைப்பு எடுத்து, எங்கே நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். யாராவது திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கால் ஆறின பிறகு, மிச்சத் தூரத்தை நடந்து முடிக்க விருப்பமென்றால் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு மூன்று பேர் சாம்பல்தீவிலிருந்து கூட வருகிறோம்.