நீட் மதிப்பெண் எதிர்பார்த்தபடி வராதபோது: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பதிலளிப்பவர், குன்னூர் பகுதியில் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மருத்துவக் கலந்தாய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு வழிகாட்டி வருபவர்.

கேள்வி (கோத்தகிரி, மாணவியின் தாய்): ஐயா, பயிற்சி மையம் வெளியிட்ட விடைகளை வைத்துக் கணக்கிட்டபோது மகளுக்கு 520 வந்தது. முடிவில் 430 மட்டுமே இருக்கிறது. திருத்தியதில் தவறு நடந்திருக்குமா?

பதில்: அம்மா, சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும். ஆகவே சரியென்று நம்பிய ஒரு விடை தவறாகிவிட்டால் கணக்கில் 5 இறங்குகிறது. 18 வினாக்களில் அப்படி நேர்ந்தாலே 90 போய்விடும். விடைக் குறிப்பைப் பார்த்த பிறகு, "நானும் இதைத்தான் குறித்தேன்" என்று நினைவு தானாகச் சாய்ந்துவிடுவதும் உண்டு. அதற்காக மகளைப் பொய் சொன்னவளாக எண்ணிவிடாதீர்கள். விடைகளைக் குறித்த ஓஎம்ஆர் தாளின் நகலைத் தேர்வு முகமை முடிவுக்கு முன்பே காட்டுகிறது. அதை இறுதி விடைக் குறிப்போடு ஒவ்வொரு வினாவாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்க வேண்டிய காலம், முடிவுக்கு முந்தைய அந்த நாட்களே. ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டணம். முடிவு வந்த பிறகு மறுமதிப்பீடு கிடையாது. 2024இல் ஓர் இயற்பியல் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்று, டெல்லி ஐஐடி வல்லுநர்களின் கருத்துப்படி முடிவே திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான விடையைப் பற்றிய வழக்கு, தனியொருவரின் தாளைத் திருத்தியதைப் பற்றியதல்ல.

கேள்வி (உதகை, மாணவர்): 2024இல் என் அண்ணன் வாங்கியதைவிட 2025இல் எனக்கு 60 மதிப்பெண் குறைவு. நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்ணை நேருக்கு நேர் வைப்பதே பிழை. 2024இன் திருத்தப்பட்ட பட்டியலில் 17 பேர் 720க்கு 720 பெற்றிருந்தனர்; இயற்பியல் பலரையும் திணறடித்த 2025இல் முதலிடமே 686தான். பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162இலிருந்து 144க்கு இறங்கியது. பசுந்தேயிலையில் எடை ஒன்று, அன்றைய விலை வேறொன்று என்பது உங்கள் வீட்டாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதிப்பெண் எடை போன்றது. இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசை. அண்ணனுடைய தரவரிசையை எடுத்து உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி (மஞ்சூர், தந்தை): மகன் 150 மதிப்பெண்ணில் தகுதி பெற்றுவிட்டான். இடம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். 2025இல் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். தகுதி என்பது கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் உரிமை, அவ்வளவே. இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி இல்லை. தோட்டத்தை விற்றுத் தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சித்த மருத்துவப் படிப்புக்கு இதே நீட் தேர்வு செல்லும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், செவிலியம் ஆகியவை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்படுபவை. அந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள்.

கேள்வி (கூடலூர், மாணவி): ஐந்தாம் வகுப்பு வரை கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் படித்தேன், ஆறிலிருந்து இங்கே அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா?

பதில்: உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே விதி. இதற்குத் தனித் தரவரிசைப் பட்டியல் வருவதால், பொதுப் பட்டியலைப் பார்த்து மனம் தளராதீர்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கேள்வி (குன்னூர், மாணவியின் சித்தி): முடிவு வந்ததிலிருந்து அக்கா மகள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை, சாப்பாடும் சரியில்லை. எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் விருந்தாளிகளையும் தொலைபேசி விசாரிப்புகளையும் நிறுத்துங்கள். நம் ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களே பிள்ளையைத் திரும்பத் திரும்ப முடிவைச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர், அது நீங்களாகவே இருக்கட்டும், அருகில் உட்காருங்கள். அடுத்து என்ன செய்வது என்ற பேச்சைச் சில நாட்கள் எடுக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது, சொல்ல முடியாமல் இருந்தவள் சொல்ல வழி பிறக்கும். ஆம் என்றால் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. வெளிப்படையாக ஒன்றும் சொல்லாவிட்டாலும் உறக்கமும் உணவும் இரண்டு வாரமாகச் சரியாகவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கேள்வி (குந்தா, மாணவர்): இன்னோர் ஆண்டு எழுதலாமா?

பதில்: வயது உச்சவரம்பு இல்லாததால் எழுதலாம். ஆனால் எங்கே இழந்தீர்கள் என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள். 180 வினாக்களில் உயிரியல் 90. அதில் நல்ல மதிப்பெண் பெற்று இயற்பியலில் மட்டும் சரிந்தவருக்கு ஓராண்டு பெரிதும் உதவும். ஊகித்துக் குறித்ததால் இழந்தவருக்குத் தேவைப்படுவது பயிற்சித் தேர்வுகள். மூன்று பாடமும் சமமாகத் தாழ்ந்திருந்தால், அல்லது பெற்றோரின் விருப்பத்துக்காக மட்டுமே எழுதுவதாக இருந்தால், வேண்டாம் என்பேன். எழுதுவதென்று தீர்மானித்தாலும் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டு எழுத முடியுமா என்று பாருங்கள். கோயம்புத்தூர் விடுதிக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.