கடல் இருக்கட்டும், கால் எப்படி இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 66. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் ஆகிய மாத்திரைகளும் உண்டு. சில வருடங்களாக உள்ளங்காலில் மதமதப்பு. செருப்பு கழன்று விழுந்தால்கூடச் சில நேரம் தெரிவதில்லை. இங்கிலாந்தில் இருக்கும் மகள், சவுத்தாம்ப்டனில் கிளம்பி நார்வே கரையோரமாக ட்ரோம்சோ வரை போய்த் திரும்பும் பதினாறு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு மார்ச் மாதம் டிக்கெட் எடுத்திருக்கிறாள். என் மனைவிக்கு வயது 61. தைராய்டு, மூட்டுவலி. ஏலகிரிக்கு பஸ்ஸில் ஏறினால் நான்காவது வளைவிலேயே வாந்தி. கப்பல் ஒத்துக்கொள்ளாது, குளிரில் நெஞ்சுச்சளி கட்டிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் போகலாமா?
– வாசகர், குடியாத்தம்.

பதில்: போகலாம், சில சோதனைகளுக்குப் பிறகு. வாந்தியைப் பற்றியும் சளியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, செருப்பு கழன்றது தெரியவில்லை என்று, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் உணர்விழந்திருப்பதற்கான அடையாளம் அது. வடகடலைவிட உங்கள் பாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வலி இல்லாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வில்லாததால் அவர்கள் அறியாமலே படும் காயங்களும் தீப்புண்களுமே அவற்றைத் தின்றுவிடுகின்றன என்று காட்டினார். நோய் வேறு என்றாலும், சர்க்கரை நோயாளியின் மதமதத்த பாதத்துக்கும் இதே கதைதான். வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோயாளிகளுக்குத் தைத்துக் கொடுத்த எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோய் கிளினிக்குகளில் வாங்கச் சொல்கிறோம். நீங்களும் ஒரு ஜோடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தச் செருப்பு ட்ரோம்சோவுக்கு உதவாது. அந்த ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. மார்ச் மாதப் பகலில் வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியே இருக்கும். இரவில் இன்னும் இறங்கும். அவ்வளவுதானா என்று நினைக்கத் தோன்றும். சிக்கலே அந்தச் சுழியத்தில்தான் இருக்கிறது. பகலில் உருகும் பனி காலணிக்குள் கசியும். இரவில் அதுவே கண்ணாடி போல இறுகி வழுக்கும். பாதம் உறைந்தால்தான் கெடும் என்பதில்லை. ஈரமான காலுறையோடு குளிரில் சில மணி நேரம் இருந்தாலே நரம்பும் தசையும் சேதமடையும். மற்றவர்களுக்குக் கால் கடுக்கும், அறைக்குத் திரும்பிவிடுவார்கள். உங்களுக்குக் கடுக்காது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்: அரை மணிக்கொரு முறை ஏதாவது கடைக்குள்ளோ காப்பிக் கடைக்குள்ளோ நுழைந்து, காலுறை ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். பருத்திக் காலுறை வேண்டாம். நனைந்தால் கதகதப்பு போய்விடும். கம்பளிதான் சரி.

காலணியை இப்போதே வாங்குங்கள். பாதி ஐரோப்பாவுக்குக் காலணி தைத்து அனுப்பும் ஆம்பூர் உங்கள் பக்கத்து ஊர். ஆனால் பனிக்கான ஷூ அங்கே சில்லறைக் கடையில் கிடைப்பது கடினம். சென்னையில் தேடுங்கள், அல்லது மகளை அனுப்பச் சொல்லுங்கள். மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறை அணிந்து அளவு பாருங்கள். விரல்கள் உள்ளே அசைய வேண்டும்; இறுக்கமான ஷூ இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிரை இன்னும் மோசமாக்கும். உள்ளே எம்.சி.ஆர். அட்டை வைத்துத் தரும்படி பாத சிகிச்சைப் பிரிவில் கேட்கலாம். பிறகு ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே, முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று போட்டுப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குடியாத்தத்து வெயிலில் பனிக்காலணியோடு கூடத்தில் உலாவினால் பேரப்பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். புது ஷூ கடிப்பதே தெரியாத காலோடு கப்பலில் முதன்முறையாக அதைப் போடுவதைவிட இது மேல்.

அடியில் மாட்டிக்கொள்ளும் கூர்முள் பட்டைகள் ட்ரோம்சோ கடைகளிலேயே விற்கின்றன. இருவருமே வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாக மூட்டுவலி உள்ள துணைவியாருக்கு அவசியம். பட்டையின் ரப்பர் விரல்களை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள். வழவழப்பான தரையில் அதுவே சறுக்கிவிடும்.

குளிரைவிடச் சூட்டினால் கால் போன கதைகளை நாங்கள் அதிகம் பார்க்கிறோம். வெளியில் அலைந்துவிட்டு வந்ததும் வெந்நீர்ப் பை வைப்பது, ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டுவது, சூடு தரும் சிறு பொட்டலங்களை ஷூவுக்குள் செருகுவது எல்லாமே உங்களுக்குத் தடை. குளியலறைத் தண்ணீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். துணைவியார் பார்த்தால் இன்னும் நல்லது. விரல் வெளுத்து மரக்கட்டை போலாகிவிட்டால் தேய்க்காதீர்கள், உடனே கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் இரவு படுக்கும் முன் இரு உள்ளங்கால்களையும் செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ நிறமாற்றமோ தெரிந்தால் மறுநாள் கரை இறங்க வேண்டாம்.

வடக்கு வானில் வண்ணமாய் அசையும் துருவ ஒளி பார்க்க இரவில் வண்டியில் ஊருக்கு வெளியே கூட்டிப்போவார்கள். கடற்கரையைவிட உள்நாட்டில் குளிர் மிக அதிகம். அதோடு, அங்கே நடக்க மாட்டீர்கள், மணிக்கணக்கில் அண்ணாந்து நிற்பீர்கள். நிற்கிற காலுக்கு இரத்தம் குறைவாகவே வரும். வண்டிக்குள் உட்கார்ந்திருந்து, ஒளி தோன்றியதாகச் சொன்ன பிறகு பதினைந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கப்பல் மேல்தளத்திலிருந்தும் தெரியும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை: பாதத்தில் நைலான் இழை வைத்துச் செய்யும் உணர்ச்சிச் சோதனை, பாதத்தின் நாடித்துடிப்பும் இரத்த ஓட்டமும், இ.சி.ஜி., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. இதயத்தைச் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். எதிர்க்காற்றில் மேடு ஏறும்போது மறைந்திருந்த நெஞ்சுவலி வெளிப்படலாம். பாதத்தில் ஆறாத புண் இருந்தாலோ, நாடி தட்டுப்படவில்லை என்றாலோ, நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலோ இந்த மார்ச் வேண்டாம். மருந்துகளில், இதயத் துடிப்பைக் குறைக்கும் அடினலால், மெட்டோபிரலால் வகை எதையாவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவை கைகால்களை மேலும் குளிரவைக்கும், தாழ்சர்க்கரையின் படபடப்பையும் மறைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்சுலினுக்கு வருவோம். வேலூர்க் கோடையில் அதை வெப்பத்திலிருந்து காப்பாற்றியே பழகியவர்கள் நாம். அங்கே உறைவதிலிருந்து காப்பாற்ற வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். கரை இறங்கும்போது பேனாவும் சோதனைக் கருவியும் மேல்கோட்டின் வெளிப்பையில் அல்ல, உடம்பை ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும். சில்லிட்ட விரலிலிருந்து இரத்தமும் வராது. பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம். ஆகவே கப்பல் அறைக் குளிர்பெட்டியில் மாற்றுப் பேனாவை மட்டும் வையுங்கள், அதுவும் உறைபலகையை ஒட்டி வேண்டாம். தேவையைப் போல இரண்டு மடங்கு மருந்து, இரண்டு பைகளில்.

குளிர் நடுக்கமும் தாழ்சர்க்கரை நடுக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொண்டு குளுக்கோஸ் பொடியைச் சாப்பிடுங்கள். கடலை மிட்டாய் இதற்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் சுற்றுலாப் பேருந்துக்கு ஓடவும் வேண்டாம். லண்டன் போகும் நாள் ஐந்தரை மணி நேரம் நீளும். அன்றைய அளவை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலில் ஒரு மணி நேர மாற்றம் பெரிதில்லை, உணவோடு சேர்த்தே இன்சுலினை நகர்த்தலாம்.

துணைவியாருக்கு: மார்ச் மாத வடகடல் குறும்பு செய்யும். ஆனால் பெரிய கப்பல், ஏலகிரி பஸ்ஸைப் போல உலுக்காது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். புரட்டும்போது செல்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். சின்னரிசின், புரோமெத்தசின் போன்ற மாத்திரைகளை வாந்தி தொடங்கிய பிறகு அல்ல, அலை எழும் முன்பே போட வேண்டும். அவை தூக்கம் வரவழைக்கும் என்பதால், போட்டுக்கொண்டு பனிக்கட்டியில் நடக்கக் கூடாது. நீங்கள் அவரிடமிருந்து ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்: புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். டாம்சுலோசின் போட்டிருப்பதால் இரவில் எழும்போது தலைசுற்றலும் சேரும். ஆடுகிற அறையில் முதலில் உட்கார்ந்து, பிறகு கைப்பிடியைப் பற்றி நில்லுங்கள். துணைவியாரின் டி.எஸ்.ஹெச். அளவையும் (தைராய்டுக்கான இரத்தச் சோதனை) இப்போதே பாருங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் குளிர் இரட்டிப்பாகத் தெரியும்.

நெஞ்சுச்சளி குளிரால் வருவதில்லை, வைரஸால் வருகிறது; மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுவதால் பரவுகிறது. ஃபுளூ தடுப்பூசியைக் கிளம்ப இரண்டு வாரமாவது இருக்கும்போதே இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நிமோனியா தடுப்பூசியும் வேண்டும்.

கப்பலில் என்னை அதிகம் யோசிக்கவைக்கும் தொற்று நோரோ வைரஸ். திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பாட்டுக்கூட வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் அதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். தொற்றிக்கொண்டால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறையில் அடைத்து வைப்பார்கள் என்று பலர் மறைக்கிறார்கள், அதனால்தான் பரவுகிறது. வாந்தியும் பேதியுமாக இருக்கும் நாட்களில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டானையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம், சிறுநீரகத்துக்காக. இன்சுலினை மட்டும் சாப்பிடவில்லையே என்று முழுவதுமாக நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பது எப்படி என்று இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து எடுத்துப் போங்கள். இனிக்கிறதே என்று அந்த நேரத்தில் பயப்பட வேண்டாம்.

கடைசியாகக் காப்பீடு. கப்பலில் மருத்துவர் இருப்பார், முதலுதவியும் அவசரச் சிகிச்சையும் கிடைக்கும். அது பெரிய மருத்துவமனை அல்ல. ட்ரோம்சோவில் பல்கலைக்கழக மருத்துவமனையே இருக்கிறது, ஆனால் நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் போக நேர்ந்தால் செலவு தாங்காது. சர்க்கரை நோயையும் நரம்புப் பாதிப்பையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி, அவை சேர்ந்த காப்பீடாக எடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டை ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்றும் மகளிடம் இன்றே கேளுங்கள். பாதச் சோதனையை அந்தத் தேதிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.