வயதான கோழிகள்: வைத்துப் பார்ப்பதா, அறுத்துவிடுவதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வயதைத் தாண்டிய மூன்று நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. மூன்றும் முட்டையிடுவதை நிறுத்திப் பல மாதமாகிறது. கறுப்புக்கோழி மூன்று வாரமாக வயிறு உப்பி, வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடக்கிறது. இப்போது இரையும் சரியாக எடுப்பதில்லை. செவலைக்கோழிக்குக் கால் முழுக்கச் சொரசொரவென்று தடித்து, நொண்டுகிறது. சாம்பல் கோழிக்கு ஒரு கண் வெளுத்துவிட்டது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. "மூணையும் அடிச்சுக் குழம்பு வச்சிரலாம்" என்கிறார் கணவர். "கோழி வாங்க வர்றவர்கிட்ட தள்ளிவிடு" என்கிறார் அத்தை. எட்டாவது படிக்கும் மகள் அழுகிறாள். வலிக்குமே என்று நாங்கள் போடும் வலி மாத்திரையில் கால் துண்டைக் கரைத்துக் கறுப்புக்கோழிக்கு இரண்டு நாள் புகட்டினேன். கூடவே மேயும் இளங்கோழிகளுக்கு ஒன்றும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மானாமதுரை அருகே

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று கோழிக்கும் சேர்த்து ஒரே பதிலைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், வயதையும் முட்டை நின்றதையும் தவிர மூன்றுக்கும் பொதுவாக எதுவுமே இல்லை. ஒன்றுக்கு உயிரை வாங்குகிற நோய், இன்னொன்றுக்குக் குணமாகிற நோய், மூன்றாவதற்கு அந்த ஒரு கண்ணைத் தவிர நோயே இல்லை. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவலையையும் சாம்பலையும் வைத்துப் பாருங்கள். கறுப்புக்கோழியை ஒருமுறை கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அதன் வயிற்றுக்குள் சீழும் நீரும் கட்டியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். மருத்துவரும் அதையே சொன்னால், அதற்குமேல் அதை இழுக்க விடாதீர்கள்.

அதற்கு முன் ஓர் அவசரம். அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். என்ன மாத்திரை என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் சரி. நாம் சாதாரணமாக விழுங்கும் சில வலி மருந்துகள் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-ல் நம் நாட்டில் தடை வந்தது. கோழிக்கும் அது விஷம்தான். ஒன்றரைக் கிலோ உடம்புக்குக் கால் துண்டு என்பது சின்ன அளவும் இல்லை. அன்போடு கொடுத்தீர்கள் என்பது புரிகிறது. மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

முட்டை நின்றுபோனதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. கோழி நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு மூன்று வருடங்கள்தான். பிறகு குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். ஆனால் நரி, நாய், கழிச்சல் நோய் மூன்றுக்கும் தப்பிய நாட்டுக்கோழி ஏழெட்டு வருடம் வரைகூட நடமாடும். முட்டை போடாத கோழிக்குத் தீனி போடுவது கட்டுப்படியாகாது என்று உங்கள் கணவர் சொன்னால், அது ஒரு நியாயமான பேச்சு. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் கோழியை அடித்துச் சாப்பிடுவதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அது வீட்டுக் கணக்கு. நோயைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தக் கணக்கை உள்ளே கொண்டுவராதீர்கள். முட்டை போடாது என்பதற்காகக் குணமாகிற கோழியை அறுப்பதும், பாசத்துக்காகக் குணமாகாத கோழியை வாரக்கணக்கில் வாடவிடுவதும் இப்படிக் கலந்து யோசிப்பதால்தான் நடக்கிறது.

இன்று இரவே கறுப்புக்கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம், நோயாளிக்கோழி மூச்சிரைத்தே செத்துப்போகும். அடைந்த பிறகு, இருட்டில் போய், இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெஞ்சைத் தடவுங்கள். நடுவில் ஓடும் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு மட்டும் கூராகத் துருத்திக்கொண்டு நின்றால், அந்தக் கோழி வெகுநாளாகவே உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கிறது. இறகு மூடியிருப்பதால் வெளியே பார்க்கும்போது தெரியாது. அடுத்து, கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மேய்ந்துவிட்டு அடைந்த கோழிக்கு அது நிறைந்திருக்கும், விடியும்போது காலியாகிவிடும். விடிந்தும் கல்லாகக் கெட்டியாக இருந்தாலோ, தொளதொளவென்று புளித்த வாடை அடித்தாலோ அது இரைப்பை அடைப்பு. அதற்கு வேறு வைத்தியம் உண்டு. கடைசியாக, இரண்டு காலுக்கும் நடுவில் அடிவயிற்றைப் பிடித்துப் பாருங்கள். நெஞ்செலும்பில் சதையில்லாமல், அடிவயிறு மட்டும் இறுகி, சூடாக, உள்ளே நீர் தளும்புவது விரலுக்குத் தெரிந்தால், நான் சந்தேகப்படுவது சரியாக இருக்கலாம்.

வயதான பெட்டைகளுக்கு வருவதுதான் இது. மஞ்சள் கரு, முட்டைக்குழாய்க்குள் போகாமல் தவறி வயிற்றுக்குள் விழுந்துவிடும். அதில் கிருமி சேர்ந்து சீழும் நீரும் கட்டும். ஈரலிலோ முட்டைப்பையிலோ கட்டி வந்தாலும், இதயம் தளர்ந்தாலும் இதே மாதிரி வயிறு உப்பும். ஊசிபோட்டு நீரை எடுத்தால் இரண்டொரு நாள் மூச்சு இலகுவாகும், பிறகு மறுபடி கட்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தொடக்கத்திலேயே கொடுத்தால் சில கோழிகளுக்குக் கேட்கும். மூன்று வாரம் கழித்து, இரையும் விட்ட ஆறு வயதுக் கோழிக்குக் கேட்பது அரிது.

முட்டை அடைத்துக்கொண்டதோ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், வெந்நீரில் உட்கார வை என்பார்கள். முட்டை அடைப்புக்கு அது நல்ல வைத்தியம்தான். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் பல கோழிகள் முட்டையைத் தள்ளிவிடும். ஆனால் முட்டை அடைத்த கோழி மூன்று வாரம் தாங்காது. ஓரிரு நாளிலேயே முடிவு தெரிந்துவிடும். அதுவுமில்லாமல், உங்கள் கோழி முட்டையிட்டே பல மாதமாகிறது என்கிறீர்கள்.

நான் சொல்வது கடிதத்தைப் படித்துச் சொல்வது. தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர் மருத்துவர்தான். அரசு கால்நடை மருந்தகத்தில் கோழியையும் பார்ப்பார்கள், தயங்காதீர்கள். காலை வெயில் ஏறுவதற்குள், துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோங்கள். தேறும் என்று அவர் சொல்லி மருந்து கொடுத்தால், மனதார வைத்துப் பாருங்கள். மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, நிழலில் பஞ்சாரத்துக்குள் விட்டு, ஊறவைத்த குருணையும் தண்ணீரும் எட்டுகிற தூரத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் ஏறிவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே விழுங்கும். ஆனால் எத்தனை நாள் பார்ப்பது என்பதை மருந்து தொடங்கும் அன்றே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஒரு வாரம் போதும். அதற்குள் தானாக எழுந்து தண்ணீருக்குப் போகிறதா, இறகைக் கோதிக்கொள்கிறதா, மண்ணில் புரள ஆசைப்படுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் திரும்பவில்லை என்றால், கோழி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. நாள் குறிக்காமல் ஆரம்பித்தவர்கள் 'நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம்' என்றே தள்ளிப்போட்டு, எறும்பு மொய்க்கிற வரைக்கும் விட்டதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சாவு அந்தக் கோழிக்கு வரக்கூடாது.

முடித்துவிடுவது என்றானால், கை பழகியவர் செய்ய வேண்டும். மருத்துவரிடமே கேளுங்கள், ஊசி போட முடிந்தால் போடுவார். இல்லையென்றால் ஊரில் கோழி அறுத்துப் பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள். கத்தி நல்ல கூராக இருக்கட்டும், ஒரே வீச்சில் முடியட்டும். பொழுது சாய்ந்தபின், துணியில் சுற்றி அமைதியாக வைத்திருந்து செய்தால் அது மிரளாது. முடிந்த பிறகும் இறக்கை அடித்துக்கொள்ளும், அது நரம்பின் துடிப்பு, கோழிக்கு அப்போது உணர்வு இருக்காது. இது முன்கூட்டித் தெரிந்திருந்தால் நீங்கள் கலங்க மாட்டீர்கள். கண்மாய்க்கரையில் கொண்டுபோய் விடுவது, நாய்க்குப் போடுவது, தண்ணீரில் அமுக்குவது எதையும் செய்யாதீர்கள்.

அந்தக் கோழியைக் குழம்பு வைக்கக்கூடாது. வயிற்றில் சீழ் கட்டிய கோழி அது, மேலே மாத்திரை வேறு போயிருக்கிறது. கிணற்றிலிருந்து தள்ளி மூன்றடிக் குழி வெட்டி, சுண்ணாம்புத்தூள் தூவிப் புதைத்துவிடுங்கள். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. சாகிற கோழியை வீணாக்கக்கூடாது என்பது நம் ஊர்களில் வழிவழியாக வந்த எண்ணம்.

அத்தை சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நோய்க்கோழியை வியாபாரியிடம் தள்ளிவிடுவது நம் கிராமங்களில் சகஜமாகிவிட்டது. அவர் கூடையில் இருபது வீட்டுக் கோழி இருக்கும், அடுத்து சந்தைக்குப் போகும். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் ஊர் ஊராகப் பரவுவதற்கு இதுவும் பெரிய காரணம். உங்கள் கறுப்புக்கோழிக்கு இருப்பது தொற்றுநோய் போலத் தெரியவில்லை. மூன்று வாரமாகக் கூட மேயும் இளங்கோழிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் எப்போதாவது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகி, அடுத்தடுத்து இரண்டு மூன்று விழுந்தால் கோழியின் வயதைப் பற்றியே யோசிக்காதீர்கள். எதையும் விற்காமல், யாருக்கும் கொடுக்காமல் அன்றே மருந்தகத்தில் சொல்லுங்கள்.

மகளிடம் "ஓடிப்போச்சு", "நரி தூக்கிட்டுப் போச்சு" என்று சொல்ல வேண்டாம். எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். அதற்கு என்ன நோய், ஏன் தேறாது, என்றைக்குச் செய்யப்போகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லுங்கள். கூட இருக்க விரும்பினால் அன்று சாயங்காலம் வரை அதன் பக்கத்தில் இருக்கட்டும். அறுக்கும்போது நிற்க வேண்டாம். அழுதால் அழட்டும். மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளிடமே கொடுங்கள், அதில் நிஜமாகவே வேலை இருக்கிறது.

செவலையின் காலில் இருப்பது பெரும்பாலும் செதிலுக்கு அடியில் புகுந்துகொண்ட கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிதான். காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேயுங்கள். செதிலைப் பிய்க்கக்கூடாது, ரத்தம் வரும். ஈரம் துடைத்து, வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து கெட்டியாகப் பூசுங்கள். எண்ணெய் மூடினால் உண்ணி மூச்சுமுட்டிச் சாகும். மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். முட்டையிலிருந்து புதிது புதிதாகப் பொரிந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் நடுவில் நிறுத்தினால் திரும்பிவிடும். மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். அடையும் கட்டையையும் கழுவி வேப்பெண்ணெய் தடவி வையுங்கள். கட்டையை ஓரடி உயரத்துக்கு இறக்கிவிட்டால் குதித்து இறங்கும்போது காலுக்கு வலி குறையும். உள்ளங்காலில் கறுத்த காயமோ வீக்கமோ இருந்தால் அது வேறு, மருத்துவரிடம் போகும்போது இதையும் சேர்த்தே எடுத்துப்போங்கள்.

சாம்பல் கோழிக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு கண் வெளுத்திருப்பதால், தண்ணீர்ச் சட்டியும் தீனித் தட்டும் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இளங்கோழிகள் கொத்தி விரட்டினால் தனியாகத் தீனி வையுங்கள். கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனம் இதற்கும் செவலைக்கும் வேண்டாம். முட்டை போடாத உடம்புக்கு அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து அதிகம், சிறுநீரகம் கெடலாம். கம்பு, குருணை, கீரை போதும்.

இளங்கோழிகளுக்குக் கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு வாரம் தாண்டியவற்றுக்கு இறக்கையில் போடுவார்கள். ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரியில் இருவார முகாம் நடக்கும். மருந்தகத்துக்குப் போகிற அன்றே தேதியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.