காது ஆபரேஷன் நினைத்தபடி வரவில்லை: உடனே மறுபடி செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. சின்ன வயதிலிருந்தே காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும். பள்ளியில் இரட்டைச் சடை போட்டு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டியே ஆகவேண்டும் என்பதால் மறைக்கவும் வழியில்லை. 'யானைக்காது' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போய் நானே சேர்த்த பணத்தில் நான்கு மாதத்துக்கு முன் காதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது வலது காது தலையோடு ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, இடது காதின் மேல்பகுதி மறுபடி வெளியே வந்துவிட்டது. வலது காதுக்குப் பின்னால் நூல் மாதிரி ஏதோ விரலில் தட்டுப்படுகிறது. காது இன்னும் மரத்துப்போயே இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் "நல்லாத்தானேம்மா இருக்கு" என்கிறார். அம்மா "நல்லா இருந்த காதைக் கெடுத்துக்கிட்டே" என்கிறார். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். வேறு டாக்டரிடம் போய் உடனே மறுபடி செய்துகொள்ளலாமா? கண்ணாடி முன் நின்று தினமும் அழுகிறேன்.

பதில்: உடனே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற தேதியை மனதில் வைத்து இந்த வாரமே யாரிடமாவது போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. அதேசமயம், "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரே வரியில் உங்களை அனுப்பிவைத்ததும் சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் நான்கைந்து விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. சிலது நாள் போனால் தானாக அடங்கும், சிலது அடங்காது, சிலதற்குச் சின்ன வைத்தியமே போதும். எல்லாவற்றையும் சேர்த்து 'ஆபரேஷன் வீணாகிவிட்டது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது.

காது விடைத்து நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மடிப்பு ஓடும், தொட்டுப் பார்த்தால் தெரியும். அது பிறவியிலேயே சரியாக மடங்காமல் இருந்தால் காதின் மேல்பாதி விசிறிபோல விரிந்து நிற்கும். இன்னொன்று, காதுத் துவாரத்தைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற குழிவு ஆழமாக இருந்தால் காது முழுக்கவே தலையிலிருந்து தள்ளி நிற்கும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலாவதற்கு, பின்பக்கம் தோலைத் திறந்து குருத்தெலும்பில் கரையாத நூலால் தையல் போட்டு மடிப்பை உண்டாக்குவார்கள். 1963-இல் முஸ்டார்டே என்ற மருத்துவர் எழுதிவைத்த முறை அது. குழிவுக்கு, 1968-இல் ஃபர்னாஸ் என்ற மருத்துவர் சொன்னபடி, காதின் கிண்ணத்தைப் பின்னால் இருக்கும் எலும்பின் உறையோடு சேர்த்துத் தைப்பார்கள். இன்றைக்கும் பெரும்பாலான மருத்துவர்கள் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ கொஞ்சம் மாற்றித்தான் செய்கிறார்கள். உங்களுக்கு எது செய்யப்பட்டது என்று தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இடது காதின் மேல்பகுதி ஏன் மறுபடி வெளியே வந்தது? குருத்தெலும்புக்கு ஸ்பிரிங் மாதிரி ஒரு குணம் உண்டு. மடக்கிப் பிடித்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும் (இப்போது உங்கள் காதில் செய்து பார்க்க வேண்டாம்). ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு அது இளசாக இருப்பதால் சொன்னபடி கேட்கும், இருபது தாண்டியவர்களுக்கு விறைப்பாக இருக்கும். உள்ளே தழும்பு உருவாகிப் பிடிமானம் வரும்வரை அந்த விறைப்பை நூல் மட்டும்தான் தாங்கி நிற்கிறது. அதற்குள் நூல் நழுவலாம், முடிச்சு தளரலாம், கட்டியான வெண்ணெயில் நூல் இறங்குவதைப் போலக் குருத்தெலும்பை அறுத்துக்கொண்டும் போகலாம். தூக்கத்தில் காது முன்பக்கம் மடங்குவது, ஆபரேஷனுக்குப் பிறகு காதின் மேல் போடச் சொல்லும் ஹெட்பேண்டைச் சொன்ன காலத்துக்கு முன்பே நிறுத்துவது, இறுக்கமான ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றும்போது காது இழுபடுவது எல்லாம் இதற்குத் துணைபோகும். உடனே "அப்போ நான்தான் கெடுத்துக்கொண்டேனா" என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும், கைதேர்ந்த மருத்துவர் செய்த காதிலும், இப்படித் திரும்பி வருவது உண்டு. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். இந்த மேல்பகுதி தானாக உள்ளே போகாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வலது காது விஷயம் வேறு. காது எப்படியும் கொஞ்சம் தளர்ந்து வெளியே வரும் என்று தெரிந்தே பல மருத்துவர்கள் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இழுத்துத்தான் தைப்பார்கள். ஆகவே இன்றைக்கு ஒட்டியிருப்பதாகத் தெரிவது வரும் மாதங்களில் கொஞ்சம் இளகலாம். காத்திருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் தழும்பு. நான்காவது மாதத்தில் காதின் பின்பக்கம் உள்ளே எல்லாம் இறுகி, ஒன்றோடொன்று ஒட்டி, சிவந்துகிடக்கும். அந்த நேரத்தில் மறுபடி திறந்தால் எந்த அடுக்கு எங்கே என்று பிரித்தெடுப்பதே சிரமம், தோலின் ரத்த ஓட்டத்துக்கும் ஆபத்து. ஆறு மாதமாவது ஆகட்டும். ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது.

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காது திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினால், தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால், சீழ் வந்தால், தோல் கறுத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குருத்தெலும்புக்கென்று தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம். அங்கே கிருமி புகுந்தால் காது சுருங்கிப்போகும் அளவுக்குக் கெடுத்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போதுதான் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் கட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள், கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரலில் தட்டுப்படும் நூல், அநேகமாக நான் மேலே சொன்ன அந்தக் கரையாத தையல்தான். தோல் மெலிதாக இருப்பவர்களுக்குத் தெரியும். உறுத்தாமல், தோல் சிவக்காமல் இருந்தால் விட்டுவிடலாம். வெளியே எட்டிப் பார்த்தாலோ புண்ணானாலோ மரத்துப்போகும் ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், நாள் கடந்திருந்தால் அதை எடுத்த பிறகும் தழும்பின் பிடிமானத்தில் வடிவம் பெரும்பாலும் நிற்கும். நீங்களாக ஊசியாலோ நகத்தாலோ நோண்டாதீர்கள். மரத்துப்போயிருப்பது, காதுக்கு உணர்ச்சி கொடுக்கும் மெல்லிய நரம்புகள் தொந்தரவுக்கு ஆளானதால். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்கு வருடம் ஆகும். அதுவரை ஹேர் டிரையர், முடி நேராக்கும் கருவி பக்கம் கவனம், சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், நம் தோல் நிறத்துக்கு அது முக்கியம். காதுக்குப் பின்னால் தழும்பு அரிக்கிறதா, கட்டியாகத் தடித்துக் கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்று பாருங்கள். காது குத்திய இடத்தில் முன்பு உருண்டையாகச் சதை வளர்ந்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இன்னும் கவனம். கீலாய்டு என்பார்கள். ஆரம்பத்திலேயே காட்டினால் சில வார இடைவெளியில் போடும் ஸ்டீராய்டு ஊசிகளாலும் சிலிக்கான் ஷீட்டாலும் பெரும்பாலும் அடக்கலாம். வளரவிட்டு வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வரலாம்.

சரி, இந்தக் காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது? அளந்து வையுங்கள். வீட்டில் யாரையாவது ஒரு சின்ன ஸ்கேலை வைத்து, காதின் வெளி விளிம்புக்கும் தலைக்கும் உள்ள தூரத்தை மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக மேலே 10–12 மி.மீ., நடுவில் 16–18 மி.மீ., கீழே 20–22 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம். மெக்டவல் என்ற மருத்துவர் 1968-இல் இந்த அறுவைக்கு வகுத்த இலக்குகளில், எந்த இடத்தில் அளந்தாலும் இரண்டு காதுக்கும் 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது ஒன்று. இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறோம். 3 மி.மீ.-க்குள் இருந்தால் எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது, ஒரே நேரத்தில் இரண்டு காதையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 6, 7 மி.மீ. இருந்தால் உங்கள் ஆதங்கம் நியாயமானது, "நல்லாத்தானே இருக்கு" என்ற பதில் செல்லாது.

படமும் எடுத்து வையுங்கள், ஆனால் செல்ஃபி வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து எடுத்தால் மூக்கு பெருத்தும் காது பின்வாங்கியும் தெரியும், பழைய ஸ்டுடியோ படத்தோடு அதை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவர் நின்று, முடியைப் பின்னால் கட்டி, நேராக, இரு பக்கமும், பின்னாலிருந்தும், மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் எடுத்தால் போதும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை படம், இதுதான் ஏற்பாடு.

அந்த அளவுகளோடும் படங்களோடும் ஆபரேஷன் செய்த அதே டாக்டரிடம் முதலில் போங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் அவரும் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்வார். "இடது பக்கம் மேலே இத்தனை மி.மீ., வலது பக்கம் இத்தனை, இதைச் சரிசெய்ய முடியுமா, எப்போது, எந்த முறையில், அதற்கு மறுபடி கட்டணம் உண்டா" என்று கேட்டால் பேச்சு மாறும். பல மருத்துவர்கள் தாங்கள் செய்ததைத் திருத்துவதற்கு ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் வாங்குவார்கள், கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, முன்பு எடுத்த படங்களின் நகல் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும்.

அப்புறம் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பை முடித்தவராக, காது அறுவையைத் தொடர்ந்து செய்கிறவராகப் பாருங்கள். காசு இனி இல்லை என்றால் சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. கூட்டத்தில் காத்திருக்க வேண்டும், ஆனால் உங்களிடம் எதையும் விற்கவேண்டிய அவசியம் இல்லாதவர்களின் கருத்து கிடைக்கும். வழக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். முடிவு திருப்தியாக இல்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது, நியாயமான கவனத்தோடு செய்யவில்லை என்று காட்டவேண்டும். அப்படித் தோன்றினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு இருக்கிறது.

திருத்த அறுவை செய்வதாக முடிவானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: வெளியே நிற்கும் காதை உள்ளே இழுப்பது சுலபம், அதிகமாக ஒட்டிய காதை வெளியே கொண்டுவருவது கடினம். பின்னால் தழும்பைப் பிரித்து, சில சமயம் தோலோ குருத்தெலும்போ ஒட்டுப்போட வேண்டிவரும். உங்கள் நிலையில், வலது காது கொஞ்சம் இளகிய பிறகு, இடது காதின் மேலே மட்டும் ஓரிரு தையல் போட்டுச் சமன் செய்வதுதான் புத்திசாலித்தனமான வழியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இடது காதையும் வலது மாதிரியே ஒட்டவைத்துவிடாதீர்கள் என்று அப்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தினமும் அழுகிறேன் என்று எழுதியிருப்பதைச் சும்மா கடந்துபோக எனக்கு மனமில்லை. பத்துப் பதினைந்து வருடம் கேட்ட கிண்டலை இரண்டு மணி நேர அறுவை ஒரேயடியாக அழித்துவிடும் என்று நம்பித்தான் பலரும் வருகிறார்கள், காது மாறினாலும் அந்தக் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும்போது ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காதைப் பற்றியே நினைக்கிறீர்களா, காதுக்காக வேலைக்கோ விசேஷத்துக்கோ போகாமல் இருக்கிறீர்களா, மற்றவர்களுக்குத் தெரியவே இல்லை என்றபோதும் நம்ப முடியவில்லையா? ஆமாம் என்றால், மறு அறுவைக்கு முன் மனநல மருத்துவரைப் பாருங்கள். பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று ஒரு நோய் இருக்கிறது, அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் வேலை செய்யும், கத்தி வேலை செய்யாது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லவில்லை. வெறும் வருத்தமாக இருந்தாலும் பேசலாம், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில், இலவசமாக, எந்த நேரத்திலும் பேசலாம்.

அம்மாவிடம் ஒருமுறை உட்கார்ந்து, பள்ளியில் என்ன நடந்தது என்பதை முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலான அம்மாக்களுக்கு அது தெரியாது. நாம் அழகாகப் பெற்ற பிள்ளை ஏன் கத்தியிடம் போனாள் என்ற வலியில்தான் அப்படிப் பேசுவார்கள்.

பெண் பார்க்க வரும் அன்றைக்குத் தளர்வாகப் பின்னி, காதின் மேல்பாதி மறையும்படி முடியை விட்டுப் பூ வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான்கு மாதம் ஆகிவிட்டதால் தோடோ லேசான ஜிமிக்கியோ போடலாம், காதைச் சுற்றி இறுக்கும் மாட்டல் மட்டும் வேண்டாம், வலது பக்க நூல் மேல் உரசும். இன்றைக்கு முதல் அளவை எடுத்துத் தேதி போட்டுக் குறித்து வைத்துவிட்டு, ஏழாவது மாதம் முடிந்ததும் அளவுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.