குட்டித் தவளைக்கு உயிர் இரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், கோயம்புத்தூரில் வாங்கிய பேக்மேன் தவளை (அகன்ற வாயுள்ள தென் அமெரிக்கத் தவளை இனம்) குட்டி ஒன்றை ஒன்றரை மாதமாக வளர்க்கிறான். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. கடையில் வாங்கிய சுவர்க்கோழிகளோடு, வயல் வரப்பில் பிடித்த வெட்டுக்கிளிகளையும், வாசல் விளக்கடியில் விழும் பூச்சிகளையும், சில நாள் மின்மினியையும் போடுகிறான். நேற்றுக் காலை மூன்று சுவர்க்கோழிகள் பெட்டியில் உயிரோடு திரிந்தன. தவளையின் பின்காலில் சிவந்த காயம் தெரிந்தது. இரண்டு நாளாக எதையும் தின்னவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று பூச்சிகளையும் எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி இரவில் தவளையின் மென்மையான தோலைக் கடிக்கும். பேக்மேன் தவளையோ மண்ணில் புதைந்து அசையாமல் இருக்கும் இனம் என்பதால் விலகி ஓடாது. நானும் ஒரு முறை, பிறகு தின்றுகொள்ளும் என்று நினைத்து இரவு முழுவதும் பூச்சிகளை விட்டுவைத்து, மறுநாள் இதே போன்ற காயத்தைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பெட்டியில் உள்ள மண்ணை எடுத்துவிட்டு, ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூ தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே பயன்படுத்துங்கள். தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால், மஞ்சள், தைலம், கிருமிநாசினி எதையும் காயத்தில் தடவ வேண்டாம். வீக்கமோ சீழோ தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளூரில் தவளையைப் பார்ப்பவர் இல்லையென்றால் திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயிறு ஒட்டிப்போகாத வரை இரண்டு நாள் பட்டினி இந்த இனத்துக்குப் பெரிய ஆபத்து அல்ல.

எனக்கு அதிகக் கவலை தருவது வரப்பு வெட்டுக்கிளிதான். உங்கள் பகுதியில் நெல்லும் காய்கறியும் நெருங்கி விளைகின்றன. மருந்து தெளிக்காத வயலைக் காண்பது அரிது. ஓடியாடும் வெட்டுக்கிளியைச் சிறுவன் பிடிப்பது கடினம், எனவே அவன் கையில் எளிதில் சிக்குவது மருந்து பட்டுத் தளர்ந்த பூச்சியாகவே இருக்கக்கூடும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். விளக்கடிப் பூச்சி எந்த வயலிலிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியாது. மின்மினி அதைவிட மோசம். அதன் உடலில் உள்ள நச்சு இதயத்தைத் தாக்கக் கூடியது, வளர்ப்பு ஓணான்கள் மின்மினியைத் தின்று இறந்திருக்கின்றன. கம்பளிப்பூச்சி, எறும்பு, குளவி ஆகியவையும் வேண்டாம்.

ஆகவே வளர்ப்புச் சுவர்க்கோழியை மட்டுமே அடிப்படை உணவாக வைத்துக்கொள்ளுங்கள். தவளையின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிட நீளமான இரையைக் கொடுக்காதீர்கள். இந்த இனம் கவ்வியதை எளிதில் விடாது, பெரிய இரை தொண்டையில் சிக்கும். வாங்கிய பூச்சிகளுக்கு ஒரு நாளாவது கேரட்டும் கீரையும் தின்னக் கொடுத்து, அதன் பிறகே அவற்றை இரையாக்க வேண்டும், ஏனெனில் பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் தவளைக்குப் போய்ச் சேருகிறது. சுவர்க்கோழியின் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம் என்பதால், வெறும் பூச்சியைத் தின்றே வளரும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து, தாடை மென்மையாகி, கால் வளைந்துவிடும். இதைத் தடுக்க, ஊர்வனவற்றுக்கென விற்கும் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூளில் ஒரு சிட்டிகையைச் சிறு டப்பாவில் போட்டு, பூச்சிகளை உள்ளே விட்டு, இட்லியில் பொடி பிரட்டுவது போல மெல்லக் குலுக்குங்கள். பூச்சி வெள்ளையாகத் தெரிந்த உடனே கொடுத்துவிட வேண்டும். சற்று நேரம் விட்டால் காலால் தன்னைத் துடைத்துக்கொண்டுவிடும். பல வைட்டமின்கள் கலந்த தூள் வாரம் ஒரு முறை போதும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாலையில், முனை மழுங்கிய இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாகத் தவளையின் மூக்குக்கு முன்னால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அசையாத இரையை அது பொதுவாகக் கண்டுகொள்ளாது. கவ்வியதும் கண்கள் இரண்டும் உள்ளே அமுங்கும். அது வலியால் அல்ல, கண்களை அழுத்தித்தான் இரையை உள்ளே தள்ளுகிறது. கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். தவளையைத் தொடும் முன் சோப்பின்றித் தண்ணீரால் கையைக் கழுவட்டும், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும். சால்மொனெல்லா கிருமி தவளையிடமிருந்து நமக்குத் தொற்றும்.

கேள்வி: எங்கள் வீட்டு மண்புழு உரத் தொட்டியில் உள்ள புழுக்களைக் குட்டித் தவளைக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வாளையார்

பதில்: உரத் தொட்டியில் பெரும்பாலும் வளர்ப்பது சிவப்பு நிறப் புழு; அது துர்நாற்றமுள்ள கசப்பு நீரைக் கசியவிடுவதால் பல தவளைகள் துப்பிவிடும். மருந்து படாத தோட்டத்து மண்புழு மிக நல்ல உணவு. அதை மண் போகக் கழுவி, குட்டியின் வாய்க்கு ஏற்ற துண்டாக நறுக்கி, துண்டு நெளிந்துகொண்டிருக்கும்போதே இடுக்கியால் கொடுங்கள்.