125 கட்டத் திட்டமிட்டு 5-இல் நின்றுபோன கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட்

பெரிய, வலுவான எஞ்சின் கொண்ட மசில் கார்களின் காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் தாங்களே கட்டிய அரிய பந்தய முன்மாதிரிக் கார்களில் எது முதன்மையானது, அவை ஏன் அவ்வளவு குறைவாகக் கட்டப்பட்டன என்பது கேள்வி. என் விடை 1963-ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட். மொத்தம் 5 கார்கள்தான் கட்டப்பட்டன. அந்த 5 என்ற எண்ணைச் சொல்லி வியப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் காரை வடிவமைத்தவர் 125 கார்களைக் கட்ட விரும்பினார் என்பதும், எண்ணிக்கை குறைந்ததே அந்தக் காரின் போட்டி வாழ்வை முடக்கியது என்பதும்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த அரிய பந்தயக் கார்களில் பெரும்பாலானவை, கால் மைல் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் (drag) பந்தய வீரர்களுக்கு விற்பதற்காகவே கட்டப்பட்டவை. 1964-இல் ஃபோர்டு 100 ஃபேர்லேன் தண்டர்போல்ட் கார்களைக் கட்டி விற்றது. 1963-இல் ஷெவர்லே 57 இம்பாலா கார்களை இசட்11 என்ற தொகுப்புடன், அலுமினிய முன்புறத் தகடுகளையும் 427 கன அங்குல எஞ்சினையும் பொருத்தி வெளியிட்டது. அதே ஆண்டில், ஷெவர்லேயைப் போலவே ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான போண்டியாக், கேட்டலினா காரின் சட்டகத்தில் வரிசையாகத் துளையிட்டு எடையைக் குறைத்து 14 கார்களைக் கட்டியது. அந்தத் துளைகளால் அவற்றுக்கு ‘சுவிஸ் சீஸ்’ என்ற செல்லப்பெயரே நிலைத்துவிட்டது. இவை அனைத்தும் மதிப்புக்குரியவை. ஆனால் இவை ஏற்கெனவே விற்பனையில் இருந்த கார்களின் கூர்தீட்டப்பட்ட வடிவங்கள். கிராண்ட் ஸ்போர்ட் அப்படிப்பட்டதன்று. சாலையில் ஓடிய கார்வெட்டின் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே சட்டகத்திலிருந்து பிரேக் வரை புதிதாகச் சிந்திக்கப்பட்ட கார்.

அதைச் சிந்தித்தவர் ஸோரா ஆர்கஸ் டன்டோவ். பிரஸ்ஸல்ஸில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த அவர், 1953-இல் நியூயார்க்கில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அவர் வரைபடப் பலகையோடு நின்றுவிட்டவர் அல்லர். 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே காரை ஓட்டித் தன் பிரிவில் வென்றவர். 1957-இல் அவர் உருவாக்கிய கார்வெட் எஸ்எஸ் என்ற பந்தயக் கார் ஃபுளோரிடாவின் செப்ரிங் களத்தில் 23 சுற்றுகளோடு நின்றுபோனது. அதைச் சரிசெய்து மீண்டும் களமிறக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க கார் உற்பத்தியாளர் சங்கம், உறுப்பு நிறுவனங்கள் பந்தயங்களில் நேரடியாக ஈடுபடுவதில்லை என்று தீர்மானம் போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை அதைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது.

ஐந்தாண்டுகள் கழித்து நிலைமை மாறியது. 1962 ஜூனில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அந்தத் தீர்மானத்திலிருந்து தம் நிறுவனம் வெளியேறுவதாக அறிவித்தார். அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு களத்தில், ஃபோர்டு எஞ்சினோடு கேரல் ஷெல்பி கட்டிய கோப்ரா கார், புதிய கார்வெட் ஸ்டிங் ரேயை முதன்முறையாக எதிர்கொண்டது. அன்று கோப்ரா இயந்திரக் கோளாறால் விலகியதால் வெற்றி கார்வெட்டுக்குக் கிடைத்தது என்றாலும், பார்த்தவர்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. ஏறக்குறைய 450 கிலோ எடை குறைந்த ஒரு கார் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, கார்வெட்டின் குதிரைத்திறனைக் கூட்டுவதால் மட்டும் அதைப் பிடித்துவிட முடியாது. இதை டன்டோவ் முன்பே உணர்ந்திருந்தார். ஷெவர்லேயின் பொது மேலாளராக இருந்த பங்கி நட்சன் பந்தயத்தில் பற்றுக்கொண்டவர். அவருடைய ஆதரவோடு, தலைமையகத்தின் கண்ணில் படாமல், ‘லைட்வெயிட்’ என்ற பெயரில் வேலை தொடங்கியது.

125 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் அன்றைய விதிப்படி, ஒரு கார், சாலைக் கார் வகைகளுக்கான கிராண்ட் டூரிங் பிரிவில் போட்டியிட வேண்டுமானால் அந்த வகையில் 100 கார்களாவது கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு காரின் மேம்பட்ட வடிவம் என்று காட்டினால் விலக்கு உண்டு. ஃபெராரி தன் 250 ஜிடிஓவை அந்த வழியில்தான் 40-க்கும் குறைவான எண்ணிக்கையோடு நுழைத்தது. சட்டகமே மாறிவிட்ட கிராண்ட் ஸ்போர்ட் தன் எண்ணிக்கையைத் தானே காட்டியாக வேண்டியிருந்தது. ஆகவே 125 கார்கள் என்ற திட்டம் ஒரு பொறியாளரின் பேராசையால் வந்ததன்று. விதி கேட்ட எண்ணிக்கைக்குச் சற்று மேலே வைக்கப்பட்ட, முழுக்க நடைமுறை சார்ந்த கணக்கு.

காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. சாதாரண ஸ்டிங் ரேயின் கனமான எஃகுச் சட்டகத்துக்குப் பதிலாக, பெரிய விட்டம் கொண்ட இரண்டு குழாய்களை நீளவாக்கில் வைத்துக் குறுக்குக் குழாய்களால் இணைத்த ஏணி போன்ற சட்டகம். ஃபைபர்கிளாஸ் உடலைக் கையால் மெல்லியதாக வார்த்து, அதைத் தாங்கும் உட்கூட்டை எஃகுக்குப் பதில் அலுமினியத்தில் அமைத்தார்கள். நான்கு சக்கரங்களிலும் கெர்லிங் டிஸ்க் பிரேக்குகள்; கடைக்கு வந்த கார்வெட்டுக்கு இவை 1965-இல்தான் கிடைத்தன, அதுவரை டிரம் பிரேக்தான். சக்கரங்கள் மெக்னீசியக் கலவையில் வார்த்தவை. மறைந்து எழும் முகப்பு விளக்குகளின் பொறியமைப்பை நீக்கி, நிலையான விளக்குகளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் பொருத்தினார்கள். 1963 கார்வெட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட, பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் நடுப்பட்டை இதில் கிடையாது. வடிவமைப்புத் துறைத் தலைவர் பில் மிட்சல் விடாப்பிடியாக வைத்த அந்தப் பட்டை ஓட்டுநரின் பின்பார்வையை மறைக்கிறது என்று டன்டோவ் கடுமையாக எதிர்த்திருந்தார். தன் கைக்கு வந்த காரில் அதை எடுத்தே விட்டார். இவை அனைத்தின் விளைவாகக் காரின் எடை ஏறக்குறைய 900 கிலோவுக்கு இறங்கியது. சாலைக் கார்வெட் அதைவிட 450 கிலோவுக்கு மேல் கனமானது.

எஞ்சினுக்கு டன்டோவ் கண்ட கனவு இன்னும் பெரியது. முழு அலுமினியத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளோடு, 377 கன அங்குலக் கொள்ளளவில் 550 குதிரைத்திறன் என்பது இலக்கு. அது அந்த வடிவில் பந்தயத்துக்கு வரவில்லை. பின்னாளில் உண்மையில் ஓடியது, ஒற்றை பிளக் கொண்ட 377 அலுமினிய எஞ்சின். அதன் மேல் 58 மில்லிமீட்டர் வாய் கொண்ட நான்கு வெபர் கார்புரேட்டர்கள் குறுக்கும் நெடுக்குமாக அமர்ந்திருக்க, ஏறக்குறைய 485 குதிரைத்திறன் கிடைத்தது. 900 கிலோ காருக்கு இது எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையிலிருந்து உத்தரவு வந்தது. தலைவர் ஃபிரடெரிக் டானரின் நிர்வாகம், எந்தப் பிரிவும் பந்தயத்துக்கு எந்த வகையிலும் உதவக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்று அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டியவை. அந்த அளவு ஆதிக்கம் கொண்ட நிறுவனத்தை ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் அரசு பிரித்துவிடுமோ என்ற அச்சம் தலைமைக்கு இருந்தது. பந்தய வெற்றிகளால் இன்னும் அதிகமாக விற்று இன்னும் அதிகக் கவனத்தை ஈர்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. இந்த ஒரே உத்தரவுதான் இசட்11 இம்பாலாவையும் துளையிட்ட போண்டியாக்கையும் சேர்த்து நிறுத்தியது. கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இதுவே நேரடி விடை: அந்தக் கார்கள் அரியவையாக இருக்க வேண்டுமென்று யாரும் திட்டமிடவில்லை, பாதியில் நிறுத்தப்பட்டன. கிராண்ட் ஸ்போர்ட்டில் 5 கார்கள் அதற்குள் உருவாகியிருந்தன.

100 என்ற எண்ணிக்கையை எட்டாததால், இந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அந்தப் பிரிவின் கதவு மூடிக்கொண்டது. இனி அது பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முன்மாதிரிகளோடும், அமெரிக்கக் களங்களில் மாற்றியமைக்கப்பட்ட கார்களோடும்தான் மோத வேண்டும். இருந்தும் டன்டோவ் கூப்பே எனப்படும் கூரை மூடிய இரண்டு கார்களைத் தனியார் கைகளுக்குக் கொடுத்தார். அவற்றில் இருந்தது கடையில் கிடைத்த 327 எஞ்சின்தான். அந்த நிலையிலும் 1963 ஆகஸ்டில் வாட்கின்ஸ் கிளென் களத்தில் டிக் தாம்சன் அவற்றுள் ஒன்றை ஓட்டி வென்றார். பல் மருத்துவரான தாம்சனின் அந்த வெற்றி, கிராண்ட் ஸ்போர்ட்டின் வரலாற்றில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

எல்லோரும் பேசுவது 1963 டிசம்பரில் பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் (Nassau) நகரில் நடந்த பந்தயங்களைப் பற்றித்தான். கொடுக்கப்பட்ட கார்கள் ஷெவர்லேக்குத் திரும்பி வந்து, 377 எஞ்சினும் அகலமான சக்கரங்களும் அவற்றுக்கேற்ப விரிந்த சக்கர வளைவுகளும் பெற்றன. பிறகு மூன்று கார்கள் நீல வண்ணம் பூசப்பட்டு, டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் மீகமின் அணிக் கார்களாக நாசாவ் நகரில் இறங்கின. ரோஜர் பென்ஸ்கி, ஜிம் ஹால், ஆகி பாப்ஸ்ட், டிக் தாம்சன், ஜான் கேனன் ஆகியோர் ஓட்டுநர்கள். ஷெவர்லே பொறியாளர்கள் சிலர் விடுமுறைக்கு வந்தவர்களாக அங்கே இருந்தார்கள். முதல் பந்தயத்தில், பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் அளவுக்கு மீறிச் சூடேறிக் கார்கள் விலக நேர்ந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனங்கள் அவசரமாக வரவழைக்கப்பட்டுக் காரின் பின்பகுதியில் பொருத்தப்பட்டன. அதன்பின் அந்த வாரம் முழுவதும் கோப்ராக்களால் அவற்றை நெருங்க முடியவில்லை. ரிவர்சைடில் தொடங்கிய கணக்கு அங்கே தீர்ந்தது. ஆனால் பத்திரிகைகள் அதைக் கொண்டாடியதும் தலைமையகம் விழித்துக்கொண்டது. ஃபுளோரிடாவின் டேடோனா பந்தயத்துக்காகக் கூரையை வெட்டித் திறந்த கார்களாக மாற்றப்பட்டிருந்த மீதி இரண்டு கார்களும் கிடங்கில் முடங்கின. அவை பென்ஸ்கியின் கைக்கு வந்தது 1966-இல்தான்.

அந்தக் கூரை ஏன் வெட்டப்பட்டது என்பதில்தான் இந்தக் காரின் குறை இருக்கிறது. ஸ்டிங் ரேயின் உடல் பார்வைக்கு அழகானது, ஆனால் வேகம் ஏற ஏற அது விமான இறக்கையைப் போல மேல்நோக்கித் தூக்கும் விசையை உண்டாக்கியது. எடை குறைந்த கிராண்ட் ஸ்போர்ட்டில் இது இன்னும் ஆபத்தானது. அதிவேகத்தில் முன்பகுதி லேசாகி, ஸ்டீயரிங்கின் பிடிப்புத் தளர்ந்தது. காற்றில் குறைவான முகப்பைக் காட்டுவதற்காகவே கூரை நீக்கப்பட்டது. இங்கே ஒரு வியப்பான தொடர்பு உண்டு. 1957-இல் ஜெனரல் மோட்டார்ஸில் இளைஞராக இருந்து, ஸ்டிங் ரே வடிவத்துக்கு அடிப்படையான ஓவியத்தை வரைந்தவர் பீட்டர் பிராக். அவர்தான் பின்னர் ஷெல்பியிடம் சேர்ந்து, கோப்ராவின் சட்டகத்தின் மேல் காற்றைப் பிளக்கும் புதிய உடலை அமைத்து டேடோனா கூப்பேயை உருவாக்கினார். அதுவும் 6 கார்கள் மட்டுமே. ஆனால் அதன் அடிப்படையான கோப்ரா 100 என்ற எண்ணிக்கையை நிறைவு செய்து அனுமதி பெற்றிருந்ததால், டேடோனா கூப்பே கிராண்ட் டூரிங் பிரிவில் சட்டப்படி நுழைந்தது. 1964 மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் அது பிரிவில் முதலாவதாகவும் மொத்தத்தில் நான்காவதாகவும் வந்தது. தனியார் கைகளில் இருந்த கிராண்ட் ஸ்போர்ட்டுகள் வெகு பின்னால் முடித்தன. 1965-இல் ஷெல்பியின் அணி உலகக் கிராண்ட் டூரிங் பட்டத்தையே வென்றது. ஆறு கார்கள் உலகப் பட்டம் வெல்ல, ஐந்து கார்கள் தங்களுக்குரிய பிரிவில் நுழையவே முடியாமல் போனதற்கு, பொறியியலைவிட நிர்வாகத்தின் பங்கே பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 125 கார்களைக் கட்டியிருந்தால், தூக்கும் விசை போன்ற குறைகளைத் தொடர்ச்சியான பந்தயங்களின் வழியே திருத்த டன்டோவுக்குக் காலமும் பணமும் கிடைத்திருக்கும்.

5 கார்களும் இன்றும் இருக்கின்றன. பந்தயங்களில் அடிபட்டு, எஞ்சின் மாறி, உரிமையாளர் பலர் மாறியும் ஒன்றுகூட அழியவில்லை. 002 எண் கொண்ட திறந்த காரை ஃபிலடெல்ஃபியாவின் சிமியோன் அருங்காட்சியகத்திலும், 004 எண் கொண்ட கூப்பேயை ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் உள்ள ரெவ்ஸ் நிறுவனத்திலும் பார்க்கலாம். இணையத்தில் படங்களைத் தேடும்போது மட்டும் கவனம் தேவை. ஜெனரல் மோட்டார்ஸின் உரிமம் பெற்றவை உட்பட இந்தக் காருக்கு நகல்கள் நிறைய உண்டு. 1996 முதல் அதே பெயரில் வந்த சாலைக் கார்வெட்டுகளும் தேடலில் கலந்து வரும். 1963-ஆம் ஆண்டின் அசல் கூப்பே என்று ஒரு படத்தைக் காட்டினால், முதலில் பின்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கிறதா, முகப்பு விளக்குகள் மூடிக்குப் பின்னால் நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நகல்களிலும் இவை இருக்கக்கூடும் என்பதால், அடுத்து 001 முதல் 005 வரையிலான எந்தக் கார் அது என்று கேளுங்கள். ஐந்தின் வரலாறும் தனித்தனியாக நன்கு பதிவாகியிருப்பதால், அசல் என்றால் அந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும்.